மூன்றாவது ஸ்லாட்

நாலாவது ஸ்க்ரூவைக் கழற்றும்போதே உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது.

"தம்பி, இது ஆன்ல இருந்தப்போ தண்ணி பட்டுச்சா, ஆஃப்ல இருந்தப்போவா?"

"ஆன்ல."

"ரொம்ப நல்லது. கூடவே ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் கலக்கியிருக்கலாம்."

அவன் சிரிக்கவில்லை. இருபத்தேழு வயது இருக்கும். கேம் கன்சோலைக் குளியல் டவலில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஓடி ஏறி வந்திருந்தான். லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

ஐந்தாவது ஸ்க்ரூ. ஆறாவது. மூடியைத் தூக்கினேன்.

சோப்பு நுரை.

பதினான்கு வருடமாக இந்த மேஜையில் கன்சோல்களைப் பிரித்து மாட்டுகிறேன். காபி குடித்த மெஷின், கரப்பான் குடித்தனம் நடத்திய மெஷின், பெண்டாட்டி கோபத்தில் மாடியிலிருந்து வீசிய மெஷின் எல்லாம் பார்த்தாயிற்று. குளிப்பாட்டப்பட்ட மெஷினை அன்றுதான் பார்த்தேன்.

"யார் செஞ்ச வேலை?"

"நான்தான்க்கா. துணி ஊற வச்ச தண்ணி. ஒரு வாளி."

"வாளியோட ஊத்திட்டு இங்க எதுக்கு ஓடி வர்றே?"

"மெஷின் போனா போகட்டும். கேமை சேவ் பண்ணி வச்சிருக்கிற மூணாவது ஸ்லாட் மட்டும் வேணும். எப்படியாவது எடுத்துக் குடுங்கக்கா." டவலின் ஓரத்தைப் பிழிந்தான். "என் தங்கச்சி விளையாடினது அது. எட்டு மாசம் முன்னாடி ஆக்சிடென்ட்ல போயிட்டா. அம்மா தினமும் மத்தியானம் அதைப் போட்டு உட்கார்ந்திடுவாங்க. ஜாய்ஸ்டிக்னா என்னன்னே தெரியாத அம்மா. இன்னைக்குக் காலைல என்னால தாங்க முடியல. ஊத்திட்டேன்."

"அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. திட்டல. உள்ள போய் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. சாப்பிடக் கூப்பிட்டேன். 'ரெண்டாவது தடவையும் அவளை அனுப்பிட்டியேடா'ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் வாயே திறக்கல."

ஹார்டு டிஸ்க்கை உருவி, துடைத்து, என் கம்ப்யூட்டரில் மாட்டினேன்.

டிக்... டிக்... டிக்...

சாகப் போகிற டிஸ்க் இப்படித்தான் அடித்துக்கொள்ளும். அடிப்பது நிற்பதற்குள் உள்ளே இருப்பதை வேறொன்றுக்கு மாற்றிவிட வேண்டும். நின்றுவிட்டால் உள்ளே இருக்கிற எல்லாமே போய்விடும்.

பட்டியல் திரையில் வந்தது. கை தானாக மஞ்சள் சீட்டை எடுத்தது. இது என் வழக்கம். நகலெடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு கோப்பின் அளவு, கடைசியாகச் சேவ் ஆன தேதி, நேரம், யார் பெயரில் இருக்கிறது என்று கையால் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். இல்லாவிட்டால் அடுத்த நாள் வந்து, இருந்தது காணோம் என்று சண்டை போடுவார்கள். பேனாவை ஓடவிட்டு, காதை டிஸ்க்கின் மேல் வைத்திருந்தேன். எழுதியதைப் படிக்க நேரமில்லை.

அவன் படித்தான். மூன்றாவது வரியில் அவன் கண் நின்றதைக் கவனித்தேன். கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டு, சீட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"என்ன கேம்?" என்றேன், பேச்சுக் கொடுக்க.

"சாம்பல் ராஜ்யம்."

எனக்குச் சட்டென்று ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. சாம்பல் ராஜ்யத்தை நான் ஆறு தடவை முடித்தவள். வேறு கேம் என்றால் ஒரு தடவை ஜெயித்ததும் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். இது அப்படி இல்லை. முதல் ஊரில் ஒரு கிழவனுக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா இல்லையா என்பது நாற்பது மணி நேரம் கழித்து ஒரு கோட்டை வாசலில் வந்து நிற்கும். கூட வருகிற ஐந்து பேரில் யாரை நம்பினீர்கள், யாரிடம் பொய் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்து ராஜ்யமே மாறிவிடும். ஆறு தடவையும் நான் பார்த்தது ஆறு வேறு கதைகள்.

"எத்தனை தடவை முடிச்சா?"

"அஞ்சு. ஆறாவது போயிட்டிருந்தா. கூட வர்ற ஒருத்தர்கூடச் சாகாம முடிக்கணும்னு வெறி. 'செத்தா செத்துட்டுப் போறாங்க, கேம்தானேடி'ம்பேன். 'போடா மாடு, திரும்பப் போய் மாத்தறதுக்கு வழி இருக்கிறப்போ ஏண்டா சாக விடணும்'னு கேப்பா. நாங்க வாலுன்னுதான் கூப்பிடுவோம் அவளை."

ஒருவரும் சாகாத பாதை. நானும் நான்கு தடவை முயன்று தோற்றிருக்கிறேன். ஒவ்வொரு இரவும் கூடாரத்தில் நெருப்பைச் சுற்றி உட்காரும்போது, யாரைக் காவலுக்கு அனுப்புவது என்று கேட்கும். நான்கு பதில்கள். அங்கேதான் தப்பு நடக்கும். விடிந்து பார்த்தால் ஒரு படுக்கை காலியாக இருக்கும்.

முதல் ஸ்லாட் நகலாகிவிட்டது. இரண்டாவதும் ஆகிவிட்டது.

மூன்றாவது தொடங்கியதும் டிக் டிக் சத்தம் நின்றது.

போயிற்று என்று நினைத்தேன். ஆனால் திரையில் பச்சைப் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. உயிர் நின்ற டிஸ்க்கிலிருந்து, ஒரு தடங்கலும் இல்லாமல்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நனைந்த ரெயின்கோட்டை மடித்து வைத்தால் வருமே, அந்தப் பிளாஸ்டிக் புழுக்கம். கொஞ்சம் பெட்ரோல். என் கடைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே நல்ல வெயில்.

அவனும் மோந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போர்டை ஹேர் டிரையரால் உலர்த்தி, புது டிஸ்க்கைப் பொருத்தி, சோதனைக்கு வைத்திருக்கும் டிவியில் இணைத்தபோது மணி மூன்றரை. வாசலில் செருப்புச் சத்தம். ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர், தலை வாராமல், கையில் கடைச் சீட்டோடு நின்றார்.

"கன்சோல் ரிப்பேர் இங்கதானே? எம் பையன்..." அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். என்னைத்தான் கேட்டார். "பொழச்சிருச்சாம்மா?"

"பாத்துடலாம், உட்காருங்கம்மா."

"நீ எதுக்கும்மா வந்தே?" என்றான் அவன்.

"நீ கட்டில்ல விட்டுட்டுப் போன பழைய பில்லுல அட்ரஸ் இருந்துச்சு. உன்னை நம்பி எப்படி வீட்ல உட்கார்ந்திருப்பேன்?"

டிவியில் வெளிச்சம் வந்தது. சாம்பல் ராஜ்யத்தின் சங்கொலி. பட்டியல் விழுந்தது. முதல் இரண்டு ஸ்லாட்டிலும் அண்ணன் என்று பெயர். மூன்றாவதில் வாலு. விளையாடிய நேரம் இருநூற்றுப் பன்னிரண்டு மணி.

"இருக்கு. அப்படியே இருக்கு" என்றேன் சந்தோஷமாக.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவன் சந்தோஷப்படவில்லை. திரையையும், கவிழ்த்துக் கிடந்த மஞ்சள் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

மூன்றாவதைத் திறந்தேன்.

கூடாரம். நெருப்பு. எனக்குப் பழகிய இடம். ஆனால் ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒருத்தி எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். சுருட்டை முடி, மூக்குக் கண்ணாடி. கேமில் ஆளை நம் விருப்பப்படி செய்துகொள்ளலாம். தன்னைப்போலவே செய்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு அவள் காலைப் பார்த்தேன்.

ரப்பர் செருப்பு. நீல நிறம். இடது வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

கவசமும் வாளும் இருக்கிற அந்த ராஜ்யத்தில், ஆறு தடவையும் நான் ரப்பர் செருப்பைப் பார்த்ததில்லை.

அவள் திரும்பினாள். கீழே எழுத்து வந்தது.

அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு. யாரு போறது?

அதன் கீழே இரண்டே பதில்கள்.

நான் போறேன்.

நீ போ.

சாம்பல் ராஜ்யம் ஏழு மொழிகளில் வந்த கேம். அதில் நம் மொழி இல்லை.

பொத்தானை அழுத்தினேன். இரண்டு வரிகளும் மங்கிக் கிடந்தன. மேலே, கீழே, எதற்கும் அசையவில்லை. வேறு கன்ட்ரோலர் எடுத்து மாட்டினேன். அதற்கும் அசையவில்லை. திரையில் இருந்தவள் என்னைக் கடந்து, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி எனக்கானது இல்லை என்று அப்போது புரிந்தது.

"குடும்மா, எனக்குப் பழக்கம்" என்று அம்மா கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். "மத்த எழுத்து ஒண்ணும் எனக்குப் புரியாது. இது ஒண்ணுதான் படிக்க முடியுது. கேம்ல வர்றதுதான்னு நெனச்சேன். இல்லையா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை.

அவர் கையில் முதல் வரி பளிச்சென்று எரிந்தது. நான் போறேன். அழுத்தினார்.

திரையில் அந்தப் பெண்ணின் தோள் தளர்ந்தது. குனிந்து, ஒரு கையால் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நெருப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு நிமிடம் நெருப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவும் அந்த ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

காட்சி தானாக மறைந்து, மறுபடி பட்டியல் வந்தது.

"இதுக்குத்தாம்மா திரும்பத் திரும்பப் போடுறேன்" என்றார் என்னிடம். "ஒரு மத்தியானத்துக்கு முப்பது தடவை, நாப்பது தடவை. அந்த ஒரு நிமிஷம் அவ வீட்ல இருக்கா."

அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

"அன்னைக்கு எனக்குத் தலை சுத்தல். பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு. உள்ள இருந்து 'யாராவது போய் வாங்கிட்டு வாங்க'ன்னு குரல் குடுத்தேன். இவன் தலைவலின்னு தூங்கிட்டிருந்தானாம். அவ வண்டிய எடுத்துட்டா. மழை. ஆறே முக்காலுக்கு போன் வந்துச்சு. ஒரு வேளை மாத்திரை போடலேன்னா நான் என்ன செத்தா போயிருப்பேன்? வாய மூடிட்டுக் கெடந்திருக்கலாம் நான். எம் பொண்ண நானே அனுப்பி வச்சேன்."

எட்டு மாதமாக ஒவ்வொரு மத்தியானமும் அவர் தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள். கேட்கிற எனக்கே வலித்தது.

அவர் கன்ட்ரோலரை மகனிடம் நீட்டினார். "நீயும் ஒரு தடவை பாருடா. எட்டு மாசமா அந்த ரூம் பக்கமே வர மாட்டேங்குறே. உன் தங்கச்சிதானே."

"வேணாம்மா."

"செருப்பைக் கழட்டுறப்போ எப்படிக் கம்பைப் புடிச்சுக்குறா பாரு. அப்படியே அவதான்."

"அம்மா, ப்ளீஸ்."

"புடிடா."

கையில் திணித்துவிட்டார்.

கூடாரம். நெருப்பு. அவள் இந்தத் தடவை முதுகு காட்டி நிற்கவில்லை. நேராக அவனைப் பார்த்து நின்றாள். தோளில் ரெயின்கோட் கிடந்தது.

யாரு போறது?

இரண்டாவது வரி எரிந்தது.

நீ போ.

அவன் பொத்தானை மேலே தள்ளினான். அசையவில்லை. மறுபடி தள்ளினான். கட்டைவிரல் நகம் மடங்கும்வரை தள்ளினான்.

"முதலாவதைப் போடுடா" என்றார் அம்மா.

"நகரலம்மா."

"எனக்கு நகந்துச்சே."

"எனக்கு நகராது."

டிவியில் மழைச் சத்தம் எழுந்தது. அந்தக் காட்சியில் மழை கிடையாது. ரெயின்கோட் வாசனை இப்போது கடை முழுவதும் நிறைந்திருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. அண்ணன் பதில் சொல்வதற்காக வாசலில் நிற்கிற தங்கையாக, அவ்வளவு சாதாரணமாக.

"ஏண்டா நகராது?"

அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்தான்.

"நான் அன்னைக்குத் தூங்கலம்மா."

அம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"விளையாடிட்டிருந்தேன். பாதிச் சண்டை. அந்த இடத்துல நிறுத்த முடியாது, நிறுத்தினா முதல்ல இருந்து வரணும். நீ யாராவதுன்னு கூப்பிடல. என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டே. அவ வந்து கேட்டா, 'யாரு போறது, உன்னைத்தானே கூப்பிடறாங்க'ன்னு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. நீ போடின்னேன்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரில நீ கேட்டப்போ தூங்கிட்டேன்னு வாய்ல வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல."

அம்மா பேசினார். குரல் மிகச் சின்னதாக இருந்தது.

"ரெயின்கோட் போட்டாளா?"

"போட்டாம்மா. ஒரு பட்டன் அறுந்திருக்குன்னு சொல்லிட்டே போட்டா."

அம்மா தலையாட்டினார், ஏதோ கணக்குச் சரியாகிவிட்டதுபோல. மகனைத் தொடவில்லை, விலகவும் இல்லை. திரையில் இருந்தவள் மெதுவாக மங்கினாள். மெஷின் தானாக அணைந்தது. கவரில் போட்டுக் கொடுத்தேன். பையின் ஒரு காதை அவரும் இன்னொரு காதை அவனும் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து அவன் மட்டும் வந்தான். கன்ட்ரோலரில் ஒரு பொத்தான் தேய்ந்து உள்ளே போயிருந்தது. மேலே தள்ளுகிற பொத்தான்.

"உன்னுதா, அம்மாவோடதா?"

"ரெண்டு பேரும்தான் போடறோம். அம்மாவுக்கு நகருது."

"உனக்கு?"

இல்லையென்று தலையை ஆட்டினான். "தினமும் உட்கார்றேன்க்கா. ஆபீஸ் போறதுக்கு முன்னாடி, வந்ததுக்கு அப்புறம். என்னைக்காவது நகரும்ல."

"அம்மா பேசறாங்களா?"

"பேசறாங்க. இப்ப மாத்திரை தீர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே அட்டையை என் சட்டைப் பைல வச்சிடறாங்க. ஒண்ணும் சொல்றதில்ல. வச்சிடறாங்க."

பொத்தானை மாற்றினேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அந்த மஞ்சச் சீட்டு இன்னும் இருக்கா?"

இருந்தது. அவர்கள் போன அன்றைக்கே அதைப் புரட்டிப் படித்திருந்தேன். படித்துவிட்டு, டிவி பிளக்கைப் பிடுங்கி, விளக்கைக்கூட அணைக்காமல் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

மூன்றாவது வரி. கடைசியாகச் சேவ் ஆனது ஒன்பது மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி, மாலை ஆறு நாற்பத்திரண்டு. சேவ் செய்தவர் அண்ணன். அளவு, ஐந்து மணி நேரம் விளையாடினால் வருகிற அளவு.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. இதை மட்டும் சொல்லல." விரலால் அந்த வரியைத் தடவினான். "வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி ஜன்னலைத் தட்டி, 'டேய் மாடு, என் மூணாவது ஸ்லாட்ல கை வச்சே, கொன்னுடுவேன்'னா. சண்டைல ஜெயிச்சதும் அவசரத்துல சேவ் அமுக்கினேன். எதுல விழுந்துச்சுன்னு பாக்கல. அப்புறம் பாத்தா மூணுலயும் என் பேர்தான் இருக்கு. அவளோட இருநூத்திப் பன்னெண்டு மணி நேரமும் போயிடுச்சு. திரும்பக் கொண்டுவர வழியே இல்ல."

"அப்ப அம்மா இத்தனை மாசமா போடறது?"

"அதான் வாளியத் தூக்கினேன்."

கடையில் மெல்ல, மடித்து வைத்த ரெயின்கோட்டின் வாசனை பரவியது.

"நேத்து எத்தனை மணி நேரம் காட்டுச்சு?" என்றேன்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு. தினமும் ஏறுது." சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில், மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். "அன்னைக்கு அவ பேர் இல்லைன்னு பாத்ததும் டிவிய ஆஃப் பண்ணிட்டேன். அவ மாத்திரை வாங்கிட்டு வந்தா என்ன பொய் சொல்லலாம்னு யோசிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் லேட்டா வரட்டும் கடவுளேன்னு வேண்டிக்கிட்டேன்க்கா. அப்பதான் போன் வந்துச்சு."